கிளிக் சத்தத்தை நம்பி ஜாய்ஸ்டிக் வாங்காதீர்கள்

சண்டை கேம் ஆடுகிற ஒருவர் தன் ஜாய்ஸ்டிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, இவர் ஆட உட்கார்ந்தாலே எழுந்துவிடுகிறது, அதனால் சத்தமே வராத ஸ்விட்ச் நான்கு போட்டுக் கொடுங்கள் என்றார். போட்டுக் கொடுத்துக் காசும் வாங்கியிருக்கலாம். ஆனால் சத்தம் பாதிகூடக் குறைந்திருக்காது.

பெட்டியைத் திறந்து ஒரு ஸ்விட்சை மட்டும் விரலால் அழுத்திக் காட்டினேன், சன்னமாக ஒரு 'டிக்'. அப்புறம் லீவரைப் பிடித்து மூலைக்குத் தள்ளினேன், 'டொக்'! தண்டு போய், அதைத் தடுத்து நிறுத்துகிற பிளாஸ்டிக் கேட்டில் மோதுகிற சத்தம் அது, அடியில் காலியாகக் கிடக்கிற பெட்டி அதை மத்தளம் மாதிரி பெருக்கிவிடுகிறது. உள்ளே கொஞ்சம் ஃபோம், அடியில் கனமான ரப்பர் கால்கள், அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் கேம் பெட்டி) வகை லீவரில் நான்கு திசைக்கு நான்கு ஸ்விட்ச், குறுக்கே தள்ளினால் இரண்டு சேர்ந்து அழுந்தும். பெரும்பாலும் மைக்ரோ ஸ்விட்ச்தான் இருக்கும், ஜப்பானின் சான்வா ஜேஎல்எஃப் லீவரில் நான்கும் ஒரே சின்ன பிசிபி (சர்க்யூட் பலகை) மேல் உட்கார்ந்திருக்கும். மைக்ரோ ஸ்விட்சின் உள்ளே வளைந்து நிற்கிற மெல்லிய தகடு ஒன்று, ஒரு புள்ளியைத் தாண்டியதும் சட்டென்று மறுபக்கம் துள்ளும். மெதுவாக அழுத்தினாலும் கான்டாக்ட் (மின்சாரம் கடக்கும் உலோக முனை) வேகமாகச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துள்ளல், சத்தம் அதன் உபரி. முஸ்தபா கேம் (அதாங்க, 1993-இல் வந்த கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்) ஆடி வளர்ந்த நம் ஆட்களுக்கு டக் டக் கேட்டால்தான் அடி விழுந்த நம்பிக்கை வரும், அது வேறு விஷயம்.

1980-இல் வந்த பேக்-மேன் கேம் பெட்டிகளில் இருந்தது லீஃப் ஸ்விட்ச். இரண்டு உலோகப் பட்டைகள் தொட்டுக்கொள்ளும், கிளிக்கே கிடையாது, பிளையரால் லேசாக வளைத்து நமக்கு வேண்டிய இடைவெளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் திறந்த கான்டாக்ட் என்பதால் தூசியும் அழுக்கும் ஏறும், அடிக்கடி கவனிக்க வேண்டும். ஒளிக்கதிரை மறித்து வேலை செய்யும் ஆப்டிகல் வகையில் தேய கான்டாக்டே இல்லை. ஆனால் அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் 5 வோல்ட். இது தெரியாமல் வாங்கி, பழைய வயரிலேயே செருகிவிட்டு "டெட் பீஸ் சார்" என்று கொண்டுவருகிறார்கள். கொரிய லீவர்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் இருப்பதால் திரும்பி வரும் உணர்வே வேறு மாதிரி இருக்கும், ஸ்விட்ச் என்னவோ அங்கேயும் மைக்ரோதான்.

இப்போது ஸ்விட்ச் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு வருகிறேன். அட்டையில் போட்டிருக்கும் '1 கோடி முறை' பெரும்பாலும் மெக்கானிக்கல் ஆயுள், அதாவது மின்சாரமே ஓடாமல் அழுத்திப் பார்த்த கணக்கு. மின்சாரத்தோடு ஆயுள் என்று இன்னொரு எண் டேட்டா ஷீட்டில் இருக்கும், அது குறைவாக இருக்கும், அதைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், ஏனென்றால் அது முழு லோடில், அதாவது ஸ்விட்சுக்குக் குறித்த முழு கரண்டை ஓடவிட்டு எடுத்தது. கேமில் ஓடுவது 3.3 அல்லது 5 வோல்ட், அதுவும் துளி கரண்ட்.

அந்தத் துளி கரண்ட்தான் தொல்லையே. வெள்ளிக் கொலுசு கறுப்பது போல ஸ்விட்ச் உள்ளே இருக்கும் வெள்ளி கான்டாக்டும் கறுக்கும். பெரிய லோடாக இருந்தால் சின்னத் தீப்பொறி வந்து அந்தப் படலத்தை எரித்துவிடும், இங்கே பொறியே வராது, படலம் அப்படியே தங்கி அழுத்தம் பதிவாகாமல் போகும். அதனால் 'பெரிய ஆம்பியர், ஸ்ட்ராங்காக இருக்கும்' என்று தேடாமல் குறைந்த லோடுக்கான தங்க கான்டாக்ட் வகையைக் கேளுங்கள். ஓம்ரான் கம்பெனியின் டி2எஃப் ஸ்விட்ச் வரிசையிலேயே சாதா வகை 3 ஆம்பியர் வெள்ளி, டி2எஃப்-01 வெறும் 0.1 ஆம்பியர் தங்கக் கலவை. ஸ்விட்சின் அளவு ஒன்றுதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆகவே எண்ணைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

லீவரில் 'மேல்' திசை விட்டுவிட்டு வேலை செய்கிறதா? தனித்தனி ஸ்விட்ச் உள்ள லீவர் என்றால் மேல், கீழ் இரண்டின் வயரையும் இடம் மாற்றிச் செருகுங்கள். மேலே தள்ளும்போதே இன்னும் கோளாறு வந்தால் ஸ்விட்ச் போச்சு, கீழே தள்ளும்போது வந்தால் வயரோ போர்டோ, முழு லீவரை மாற்றத் தேவையில்லை. தயவுசெய்து துரு நீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் உள்ளே அடிக்காதீர்கள், எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி, என்னிடம் வரும்போது உள்ளே களிம்பாகத்தான் இருக்கிறது. கிரீஸ் போடுவதென்றால் தண்டு சுழலும் உருண்டையில் துளி சிலிகான் கிரீஸ், ஸ்விட்ச் பக்கமே போகக்கூடாது.

குழந்தைக்காரர் ஒரு வாரம் கழித்து போன் செய்தார். லீவர் சத்தம் அடங்கிவிட்டதாம், இப்போதுதான் பட்டன் சத்தம் கேட்கிறதாம். பட்டனிலும் அதே கதைதான், மூடி அடியில் போய் இடிக்கிற சத்தம். உள்ளே மெத்தை வைத்த சைலன்ட் பட்டன் சான்வாவிலேயே கிடைக்கிறது, ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்று கேட்டு வாங்கி வாருங்கள் என்றேன்.