மீன் தோலுக்கும் பாம்புத் தோலுக்கும் சுங்க அட்டவணையில் எந்த இடம்?

திருக்கையின் முதுகைத் தடவிப் பார்த்தவர்களுக்கு, அதன் நடுவில் வெண்மணிகளை நெருக்கிப் பதித்தாற்போன்ற கடினமான திட்டு இருப்பது தெரியும். பாம்பன், மண்டபம், தொண்டி இறங்குதளங்களில் பெரும்பாலும் கருவாட்டோடு போய்விடும் இந்தத் தோல், பதனிட்டு மெருகேற்றினால் கைப்பைக்கும் கடிகாரப் பட்டைக்கும் ஆகும் உயர்விலைச் சரக்கு. அதை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுபவர் ஷிப்பிங் பில்லில், அதாவது சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதி அறிக்கையில், குறிக்க வேண்டிய எட்டிலக்கக் குறியீடு எப்படி முடிவாகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வை அட்டவணைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 41ஆம் அத்தியாயம் தோலுக்கு உரியது. குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலகச் சுங்க அமைப்பின் பொது வரிசையைச் சேர்ந்தவை. கடைசி இரண்டு இந்தியா சேர்த்துக்கொண்டவை. அட்டவணை இரண்டே கேள்விகளைக் கேட்கிறது: தோல் எந்த விலங்கினுடையது, அது எந்த அளவுக்குப் பக்குவப்படுத்தப்பட்டிருக்கிறது? விலையும் வணிகப் பெயரும் மேற்பரப்பின் அச்சும் கணக்கில் வருவதில்லை. மாட்டுத் தோலில் முதலைச் செதிலை அச்சிட்டிருந்தாலும் அது மாட்டுத் தோலுக்குரிய 4107இலேயே அடங்கும். பாம்பு வரி போட்ட ஆட்டுத் தோல், வெள்ளாடாக இருந்தால் 4113 10 ஆகும். செம்மறியாக இருந்தால் 4112. உண்மையான பாம்பு, முதலை போன்ற ஊர்வனவற்றின் முழுமையடைந்த தோலுக்கு (ஃபினிஷ்டு லெதர்) 4113 30 என்று தனி இடம் உண்டு. மீனுக்கு அப்படித் தனிவரி இல்லாததால், திருக்கைத் தோல் 'மற்றவை' என்னும் 4113 90இல் சேர்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் இடறுகிறார்கள். உப்பிட்டோ உலர்த்தியோ வைத்த தோல் கெடாமல் பாதுகாக்கப்பட்டதே தவிரப் பதனிடப்பட்டதன்று. மீனுக்கும் பாம்புக்கும் அதன் இடம் 4103. பதனிடும் முறை பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருந்தாலும், அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பின்படி அது பச்சைத் தோலாகவே கொள்ளப்படும். நிலையாகப் பதனிட்ட ஈரத் தோலும், பதனிட்டு உலர்த்தி, இறுதி வேலைகள் ஆகாத கிரஸ்ட் தோலும் 4106இல் வரும். இங்கே கவனிக்க வேண்டியது, உலர்த்துவதற்கு முன் மறுபதனிட்டு, சாயமேற்றி, எண்ணெய்ப்பசை ஊட்டிய தோலையும் அதே குறிப்பு கிரஸ்ட் என்றே சொல்கிறது. ஆகவே நீலமோ சிவப்போ ஏறிவிட்டது என்பதனால் மட்டும் ஒரு தோல் ஃபினிஷ்டு லெதர் ஆகிவிடாது. உலர்ந்த பின் மேற்பூச்சு, மெருகு போன்ற வேலைகள் நடந்திருந்தால்தான் 4113 என்று எழுத முடியும்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் பணம் இருந்தது. ஃபினிஷ்டு லெதருக்கு ஏற்றுமதித் தீர்வை இல்லாத நிலையில் கிரஸ்ட் தோலுக்கு 20 சதவீதம் விதிக்கப்பட்டதால், ஒன்றை மற்றொன்றாகக் காட்டும் ஆசை இயல்பாகவே எழுந்தது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையும் அதனால்தான் கட்டாயமாக இருந்தது. 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அந்த 20 சதவீதம் விலக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் பரிசோதனைக் கட்டாயமும் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கின. எனினும் ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் தீர்வையின் (டிராபேக்) விகிதமும், வாங்குபவர் தம் நாட்டில் கட்டும் வரியும் குறியீட்டையே பின்பற்றுவதால் தவறாக எழுதுவது இன்றும் இழப்புதான்.

கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சிட்ட பேட்டன்ட் தோலும், பொன் வெள்ளித் தாள் ஒட்டிய தோலும் எந்த விலங்கினுடையதானாலும் 4114க்குப் போகும். தைத்து முடித்த பையோ பெல்ட்டோ 42ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது.

குறியீடு இருப்பதாலேயே ஏற்றுமதிக்கு அனுமதி உண்டு என்று கொள்ளக் கூடாது. கடல் அட்டை 2001 முதல் தடை செய்யப்பட்டிருப்பதை அறிந்த இந்தக் கடற்கரைக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பேராமை, அழுங்காமை, முதலை, மலைப்பாம்பு, உடும்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. வேளா மீனும் வேறு சில சுறா, திருக்கை இனங்களும் அப்படியே. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அழிவுறும் இனங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையையும் அச்சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. 'திருக்கை' என்று பொதுவாக எழுதுவதைவிட, இனத்தின் அறிவியல் பெயரையும் இறங்குதளத்தையும் காட்டும் கொள்முதல் ரசீதை வைத்திருப்பதே பாதுகாப்பு. பதனிட்ட பின் தோலை மட்டும் பார்த்து இனத்தை நிறுவுவது எளிதன்று.

ஐயம் தீராதவர்கள் சரக்கை அனுப்புவதற்கு முன்பே, 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 28எச் பிரிவின் கீழ், மும்பையிலுள்ள சுங்க முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் தீர்ப்பு விண்ணப்பித்தவரையும், அவர் தொடர்பில் சுங்க அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். சட்டமோ உண்மை நிலையோ மாறாதவரை மூன்றாண்டுகள் செல்லும். விண்ணப்பத்தில் தோலின் இனத்தோடு, பதனிடும் ஆலையில் நடந்த வேலைகளையும் வரிசை மாறாமல் எழுத வேண்டும். சாயம் ஏறியது உலர்த்துவதற்கு முன்னா பின்னா என்பதைத் அந்த ஆலைக்காரரிடமே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.