வளவில் பத்து மீட்டர்: ஃபைன்வெர்க்பாவா, பைக்காலா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் பிஸ்டலில். அதைப் பார்த்த பிள்ளை வீட்டில் பிஸ்டல் கேட்டால், பெற்றோர் முதலில் விசாரிப்பது போட்டிகளில் இப்போது எல்லோரும் வைத்திருக்கும் ஸ்டெயர், மொரினி வகைகளைத்தான். அவை அருமையான கருவிகள். ஆனால் அடியில் இருக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்று வேண்டும். அதை நிரப்பப் பெரிய டேங்க் வேண்டும், இல்லையென்றால் கைப்பம்போடு மல்லுக்கட்ட வேண்டும். சிலிண்டருக்கும் பத்து வருடம்தான் ஆயுள். அதற்குமேல் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பவர்கள், காற்றை யார் நிரப்பித் தருவார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு விலையைக் கேட்பது நல்லது.

காற்று நிரப்பும் வேலையே இல்லாத பழைய கிளாசிக் பிஸ்டல்கள் இரண்டு செகண்ட் ஹேண்டில் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 65, 1965இல் வந்தது. மற்றொன்று ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த பைக்கால் இஷ்-46எம். இரண்டுக்கும் 4.5 மி.மீ. பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு. கிளாம்பில் பூட்டிச் சுட்டால் இரண்டும் பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டை ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போடும். இலக்கின் நடுவில் 10 புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதால், துல்லியம் போதுமா என்ற கேள்வியே எழாது. வேறுபாடு கைக்கு வரும் வேலையில் இருக்கிறது, காற்று கசியாமல் அடைக்கும் சீலில் இருக்கிறது.

லைசென்ஸ் பற்றி ஒரு கணக்கு. 4.5 மி.மீ.க்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 4.9 ஜூல். இரண்டு பிஸ்டலும் அந்த அளவில்தான் நிற்கும். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அதே சமயம், பூட்டிக் கிடந்த வீட்டின் பரணில் பழைய பிஸ்டல் ஒன்று கிடைத்தால் அதையும் ஏர் பிஸ்டல் என்று நினைத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். தோட்டா போடுகிற .22 என்றால் அது லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத துப்பாக்கி. தொடாமல் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

ஃபைன்வெர்க்பாவ் 65 ஸ்பிரிங் வகை. பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் இறுகும், பெல்லட் வைக்க வாய் திறக்கும். சுடும்போது ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், உதறல் வரும். அந்த உதறலைக் கைக்கு விடாமல் இருக்க, குழலும் உடலும் சேர்ந்து கிரிப்புக்கு (கைப்பிடிக்கு) மேலே தண்டவாளத்தில் சறுக்குகின்றன. கிரிப் அசையாது. இந்தச் சறுக்கல்தான் 65இன் உயிர். பழைய கிரீஸ் காய்ந்து தண்டவாளம் பிடித்துக்கொண்டால் கையில் வெட்டென்று அடிக்கும். வாங்கும்போது சுட்டுப் பாருங்கள். அந்த அடி தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், சுத்தம் செய்யும் கூலி உங்கள் தலையில் விழும்.

நெம்புகோலை இழுத்தபின் பெல்லட் வைத்து முடிக்கும்வரை மற்ற கை அதை விடவே கூடாது. நெம்புகோலைப் பிடித்து நிறுத்தும் உள்பல் தேய்ந்த பிஸ்டலில் அது நழுவித் திரும்பினால் விரல் நசுங்கும். இரண்டாவது விஷயம், பெல்லட் இல்லாமல் சுடக் கூடாது. எதிரே காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் முனையில் போய் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

65இன் ட்ரிகரில் 500 கிராமிலிருந்து 1360 கிராமுக்கு மாற்றும் சின்ன நெம்பு ஒன்று உண்டு. அந்நாளைய பெரிய காலிபர் போட்டியின் ட்ரிகர் எடைக்குப் பழகுவதற்காக வைத்தது. அது 1360இல் நின்றால், தெரியாதவர் “ட்ரிகர் கெட்டியா இருக்கு, ரிப்பேர்” என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார். நெம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இஷ்-46எம் வேறு சாதி. ஒரே அழுத்தில் காற்றைச் சேமிக்கும் வகை. அடியில் இருக்கும் நீண்ட நெம்புகோலை முழுக்க முன்னால் திறந்தால் பெல்லட் வைக்கும் மூடி மேலே எழும்பும். ஒரு நொடி நிறுத்தி, சிலிண்டரில் காற்று நிறைய விட்டு, ஒரே சீராக மூட வேண்டும். பிறகுதான் பெல்லட், அதன்பின் மூடி. மூடும் வேலையின் கடைசி இரண்டு விரற்கடையில்தான் பாரம் எல்லாம் இருக்கிறது. பாதியில் கை தளர்ந்து விட்டால் நெம்புகோல் திருப்பி அடிக்கும். ஒரு போட்டிக்கு 60 குண்டு, அதற்கு முன் சோதனைக் குண்டுகள். இத்தனை முறை மூடிய தோள், 50ஆவது குண்டில் நடுங்காமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நிற்காது. அப்பா மூடிக் கொடுக்கலாம் என்பார்கள். போட்டியில் அப்பா பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் இஷ்ஷில் ஒரு பெரிய வசதி. காற்று அழுத்தாமல் மூடியை மட்டும் திறந்து மூடினால் ட்ரிகர் ஏறிக்கொள்ளும், வெறும் ட்ரிகர் பழகலாம். வெள்ளைச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல், சைட் (குறிபார்க்கும் முனை) அசையாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுகிறவர்தான் முன்னேறுவார். இது எந்தக் கோச்சும் சொல்லும் விஷயம். இந்த ஒன்றுக்காகவே தோள் வலுவுள்ள பெரியவர்களுக்கு இஷ் நல்லது என்பது எங்கள் முடிவு. குழலும் நீளம்: இதில் 280 மி.மீ., 65இல் 190. அதனால் முன்கனம் உண்டு. முன்கனம் சிலருக்கு நிதானம் தரும், சிலருக்கு மணிக்கட்டைச் சாய்க்கும். கையில் பிடித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. இஷ்ஷின் மரக் கிரிப் கரடுமுரடு. மேடு உறுத்தும் இடத்தை அரம் வைத்துத் தேய்த்து, பள்ளத்தை மரப் புட்டியால் நிரப்பிக் கைக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஆசாரியிடம் கொடுத்தால் அழகாக இழைத்து வழவழவென்று ஆக்கிவிடுவார், அது வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

சிறுவர்களுக்கும் மெலிந்த கைக்கும் 65. அதன் நெம்புகோல் இலகு.

பழைய சீல் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இஷ்ஷில் ஒரு எளிய வழி. காற்று அழுத்தி உடனே ஒரு குண்டு. அடுத்து அழுத்தி, முனை இலக்கை விட்டு விலகாமல் இரண்டு நிமிடம் காத்திருந்து ஒரு குண்டு. வேகமானியில் இரண்டாவது குண்டின் வேகம் நன்றாக இறங்கினால் வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிகிறது. 65இல் பத்துக் குண்டு சுட்டு, வேகம் நொடிக்கு 5 மீட்டருக்குமேல் முன்பின் ஆடினால் ஸ்பிரிங்கோ சீலோ தளர்ந்திருக்கிறது. அதைப் பிரிப்பது வீட்டு வேலை அல்ல. இறுகிய ஸ்பிரிங் முகத்தில் பாயும். பழகியவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகம் கெடுகிறது. தையல் மெஷின் எண்ணெயைக் காற்று அறைக்குள் விடுவார்கள். ஸ்பிரிங் பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அது டீசல் இன்ஜின் மாதிரி பற்றி வெடிக்கும். புகை வரும், குண்டு மேலும் கீழும் போகும், சீல் கருகும். உள்ளே சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் அபூர்வமாக. வெளி இரும்புக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்த் துணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டுக்குள் பெட்டியின் பஞ்சு ஈரத்தைக் குடித்து, பிஸ்டலில் துரு பூக்கும். அந்த மாதங்களில் பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்பிரிங்கை இறுக்காத நிலையில், காற்றை அழுத்தாத நிலையில், அலமாரியில் பூட்டி வையுங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் பத்து மீட்டர் கிடைப்பது கஷ்டமில்லை. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய நடை அந்த நீளத்துக்குத் தாராளமாகப் போதும். ஆபத்தும் அங்கேதான்: அறைக் கதவுகள் எல்லாம் அந்த நடையில் திறக்கும். ஆச்சி சீப்புச்சீடைத் தட்டோடு நடுவில் வந்து நிற்பார். சுடும் பக்கத்து அறைகளை வெளியிலிருந்து தாழிட்டு, உள்ளே யாருமில்லை என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர். முற்றத்து வெயில் கண்ணில் அடித்தால் இலக்கு மங்கும்; நிழல் பக்க நடையைத் தேர்ந்து, இலக்கின்மேல் மட்டும் தனி விளக்குப் போடுங்கள், 1500 லக்ஸ் (வெளிச்ச அளவு) வேண்டும். கல்தூணிலோ தரையிலோ பட்ட பெல்லட் திரும்பி வரும். அதனால் இலக்குக்குப் பின்னால் கீழ்நோக்கிச் சாய்ந்த இரும்புத் தகட்டுப் பெட்டி. சுடுகிறவர், பார்க்கிறவர் எல்லோருக்கும் கண்ணாடி. 5 ஜூல் என்பது கண்ணைக் குருடாக்கப் போதும்.

பெட்டியில் சேர்வது ஈயத்தூள். ஆத்தங்குடித் தரையில் விளக்குமாறு போட்டால் பறந்து மூச்சில் ஏறும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தனியாக வையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பலகாரம்.