நாளைக்குப் போர்டிங், இன்றைக்கு ஊசியா?

"டொக்டர், இண்டைக்கு எல்லா ஊசியையும் ஒரேயடியாப் போட்டுவிடுங்கோ, நாளைக்கு விடியப் போர்டிங்கிலை விடவேணும்."

நல்லூர்க் கோயிலில் கொடி ஏறும் காலத்திலும், பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும்போதும், பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க ரிக்கெற் எடுத்த கையோடும் நாய் வைத்தியரான நான் இந்த வசனத்தைக் கேட்டுவிடுவேன். போர்டிங் என்றால் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுகிற இடம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். "காட்டிலை போன மாதத் திகதியைப் போட்டுத் தாங்கோ, அங்கை கேப்பினம்." ஊசி போட்ட திகதி எழுதும் அட்டையைத்தான் காட் என்கிறார்கள். பொய்த் திகதி போட்டுத் தரமாட்டேன். இதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, போகட்டும்.

இப்போது இதை எழுத வைத்தது ஒரு லெப்ரடோர்க் குட்டி. மூன்று மாதம்கூட ஆகவில்லை. வாங்கின இடத்தில் போட்ட ஒரே ஒரு ஊசி, அதன் பிறகு போர்டிங்குக்கு முதல் நாள் எங்கேயோ அவசரமாகப் போட்ட இன்னொன்று. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய் ஒரு கிழமை கழித்து வந்தார்கள். குட்டி வந்த அன்று சாப்பிடவில்லை. "எங்களைத் தேடி ஏங்கிப்போச்சு" என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் சத்தி, அதற்கு மறுநாள் இரத்தத்தோடு வயிற்றோட்டம். பார்வோ, குடலைத் தாக்கும் வைரஸ் நோய். எங்களிடம் கொண்டுவரும்போது கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. சேலைன் ஏற்றினோம். தப்பவில்லை.

"ஊசி போட்டதுதானே டொக்டர்?"

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் நாய் ஒரு பக்கம் இழுக்க, போன் ஒரு பக்கம் அடிக்க, நின்ற நிலையில் சொன்னால் யாருக்கும் ஏறுவதில்லை.

முதலில், எந்த ஊசி? அரச திணைக்களத்தார் ஊருக்குள் வந்து இலவசமாகப் போடுவது விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி. கட்டாயம் போட வேண்டிய ஊசி, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அது பார்வோவைத் தடுக்காது, டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோயைத் தடுக்காது, எலிக்காய்ச்சலைத் தடுக்காது. அவற்றுக்கு வேறாக ஒரு கூட்டு ஊசி இருக்கிறது. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிற பலருடைய காட்டைத் திறந்தால் விசர் ஊசி ஒன்றுதான் இருக்கும்.

அடுத்தது, எத்தனை ஊசி? தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் உடம்பில் நிற்கும். அது நிற்கும்வரை நாங்கள் போடும் ஊசியை வேலை செய்ய விடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளேயே வேறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவையாக, 16 வாரம் நிறையும்வரை போடுகிறோம். காசுக்காகத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறோம் என்று ஒரு கதை எங்கள் ஊரில் உலாவுகிறது. அதை நம்பி ஒரு ஊசியோடு நிறுத்தின குட்டிகளுக்குத்தான் பிறகு சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்கு எவ்வளவு காசு முடியும் என்று ஒருமுறை கட்டினவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எப்போது? இன்றைக்குப் போட்ட ஊசி இன்றைக்கு வேலை செய்யாது. கூட்டு ஊசிக்குப் பிறகு இரண்டு வாரமாவது விடுங்கள். விசர் ஊசி முதல் தடவை என்றால் ஒரு மாதம். எலிக்காய்ச்சலுக்கு முதல் தடவை என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவதுக்குப் பிறகுதான் கணக்கு. அதோடு ஊசி போட்ட அன்றும் மறுநாளும் சில நாய்களுக்கு இலேசாகக் காய்ச்சும், உடம்பு அலுப்பாக இருக்கும். அந்த நிலையில் தெரியாத இடத்தில், குரைத்துக்கொண்டே நிற்கும் நாய்களுக்கு நடுவில் கொண்டுபோய் விடுவது பாவம் இல்லையா? திகதியை மாற்றி எழுதினால் போர்டிங்காரர் ஏமாறுவார். வைரஸ் காட் வாசிப்பதில்லை.

ரிக்கெற் எடுக்கிற அன்றே நாயின் காட்டையும் எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால் ஒரு மாதத்துக்கு முன் வாருங்கள். தயவுசெய்து.

"காட் ஒண்டும் தேவையில்லை, கொண்டு வாங்கோ" என்கிற இடத்தைப் பற்றி "நல்ல மனிசர், கரைச்சல் இல்லை" என்று பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் கேட்காதவர் பக்கத்துக் கூட்டு நாயின் சொந்தக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டார்.

சரி, வீட்டுக்காரர்கள் போர்டிங்கில் தேடுவது என்ன? ஏசி, ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் படம், கூட்டில் அடைக்காமல் எல்லா நாய்களோடும் விளையாட விடுவது. மூன்றும் உங்கள் மனதுக்கு ஆறுதல் தருபவை. நாய்க்கு என்று பார்த்தால் மூன்றிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

சோளகம் வீசும் மாதங்களில் வேப்பமர நிழலும் நல்ல காற்றோட்டமும் எட்டுகிற இடத்தில் தண்ணீரும் இருந்தால் பெரும்பாலான நாய்கள் சமாளிக்கும். யன்னல் இல்லாத ஏசி அறையில் அடைத்து, கரண்ட் போய், ஜெனரேற்றரும் இல்லையென்றால் என்ன நடக்கும்? நாயின் உடல் வெப்பநிலை சாதாரணமாகவே 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இளைத்து இளைத்துச் சூட்டை வெளியேற்றவும் சரிவர முடியாது. ஏசி இருக்கிறதா என்று கேட்பவர்கள், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கூரை வெறும் தகரம் என்றால் கேட்காமலே திரும்பி வாருங்கள்.

படம் எடுத்து அனுப்புவது சுலபம். பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டினால் எந்த நாயும் கமராவைப் பார்க்கும். கேட்பதென்றால் சாப்பிட்டு முடித்த கோப்பையை, படுக்கிற நிலத்தை, மலத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், எங்களுக்கு உதவுகிற படம் அதுதான்.

எல்லா நாய்களையும் ஒன்றாக அவிழ்த்துவிடுவது வீடியோவில் அழகாக இருக்கும். ஒன்றுக்கு இருமல் இருந்தால் எல்லாவற்றுக்கும் இருமல். பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் கடிபாடு. பருவத்துக்கு வந்து நிற்கும் பெட்டையை அங்கே விடவே விடாதீர்கள். இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளோடு வந்து என்னிடம் நியாயம் கேட்காதீர்கள்.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். முன் விறாந்தையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்து அனுப்பினால் போதாது, நாய்கள் நிற்கும் இடம்வரை உங்களை விட வேண்டும். பினைல் மணக்கிறது, ஆகவே சுத்தம் என்று முடிவெடுக்காதீர்கள். பார்வோ வைரஸ் பினைலுக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாது, நிழலான இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். முதலில் அழுக்கைக் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடமாவது ஊறவிட்டுக் கழுவ வேண்டும். வெறும் மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய வழியே இல்லை. வருத்தம் வந்த நாயை எங்கே பிரித்து வைப்பீர்கள் என்று கேளுங்கள். இரவில் யார் படுப்பது என்று கேளுங்கள். "பக்கத்திலைதான் வீடு, ஒரு சத்தம் கேட்டால் வந்திடுவன்" என்பது பதில் இல்லை.

உண்ணி. இதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் எழுத வேண்டும். எங்கள் நாய்களில் நாங்கள் அதிகம் காணும் பழுப்பு உண்ணி பற்றைக்குள் மட்டும் இருக்கிற சாமான் இல்லை. கட்டடத்துக்குள்ளேயே பிறந்து வளரும். பெண் உண்ணி வயிறு முட்டக் குடித்ததும் நாயை விட்டு விழுந்து, சுவரில் ஏறி, வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய் இல்லாமலே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். ஆகவே "இந்தக் கூடு ஒரு மாதமாச் சும்மா கிடந்தது" என்பது நல்ல செய்தி இல்லை. பழைய வீட்டின் பின் அறைகளைக் கூடாக்கியிருக்கும் இடங்களில் போன் லைற்றை அடித்துச் சுவர் வெடிப்பையும் கூரையோடு சேரும் மூலையையும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கடித்த உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் நாய் சோர்ந்து, பல் முரசு வெளிறி, சில வேளை மூக்கால் இரத்தம் வடிய வந்து நிற்கும். அதற்குள் போர்டிங்கையே எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான் கேட்டால்தான் "ஓம், நல்லூர்த் தேருக்கு முதல் விட்டனாங்கள்" என்று நினைவு வரும்.

விடுவதற்குச் சில நாள் முன்பே உண்ணி மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ நிறைக்கு ஏற்றபடி வாங்கிக் கொடுங்கள். மண்ணெண்ணெய் பூசாதீர்கள். மாட்டுக்குத் தெளிக்கிற மருந்தை அளவில்லாமல் கலந்து குளிப்பாட்டாதீர்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் ஒவ்வொரு வருடமும் தோல் வெந்த நாய் ஒன்று வருகிறது.

மாரி காலத்தில் விடுகிறீர்கள் என்றால் எலியையும் பாருங்கள். 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் ஆட்கள் இறந்தது மறந்திருக்காது. அதே கிருமி நாய்க்கும் வரும், கூட்டைக் கழுவுகிற பெடியனுக்கும் நாயின் சிறுநீரால் வரும். சாப்பாட்டு மூட்டை திறந்தபடி கிடக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது.

சாப்பாடு. வீட்டில் சோறும் மீனும் தின்று வளர்ந்ததைப் போர்டிங்கில் விட்ட அன்றே பைக்கற் தீனுக்கு மாற்றினால் வயிறு இளகத்தான் செய்யும். ஒரு கிழமைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள், இல்லாவிட்டால் வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்தனுப்புங்கள். நல்லூர்க் காலத்தில், "வீட்டிலை விரதம், அங்கையும் அதுக்கு மச்சம் குடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்தியில் நான் தலையிடவில்லை. விரதம் நீங்கள் பிடியுங்கள், நாயின் தட்டைத் திருவிழாவின் 25 நாளுக்கு மாற்றாதீர்கள்.

பிறகு, உண்மையைச் சொல்லுங்கள். வலிப்பு இருந்தால் சொல்லுங்கள், மாத்திரையைப் பெயரும் நேரமும் எழுதிக் கொடுங்கள். வலிப்பு மாத்திரை ஒரு நேரம் தவறினாலும் வலிப்பு திரும்பலாம். சாப்பிடும்போது கிட்டப் போனால் கடிக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். "எங்கடை டைகர் பூனை மாதிரி" என்று சொல்லி விட்டுப் போன ஜேர்மன் ஷெப்பேர்ட் வேலைக்கு நின்ற பிள்ளையின் கையைப் பதம் பார்த்தது. அந்தப் பிள்ளை கையைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு, வேலைக்கு வராமல் நின்றது. வீட்டுக்காரர் அப்போது விமானத்தில்.

விமானத்தில் இருக்கிறவரை எப்படிப் பிடிப்பது? கனடாவில் இறங்கின பிறகும் உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் 9 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். பெரிய இன நாய்க்கு வயிறு ஊதி முறுகினால் எங்களுக்கு இருப்பதோ சில மணித்தியாலம். போகுமுன் ஊரில் இருக்கிற ஒருவரின் பெயரைக் கொடுங்கள். சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாரானாலும் முடிவெடுக்கிற துணிவு இருக்க வேண்டும். எவ்வளவு செலவுவரை போகலாம், ஒப்பரேஷன் செய்யலாமா என்பதை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். "நீங்கள் எதையும் செய்யுங்கோ டொக்டர்" என்று போனில் சொல்லிவிட்டு, வந்து பில்லைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் பழகிவிட்டது, ஆனால் போர்டிங் நடத்துகிறவருக்குப் பாரம்.

சில நாய்களைப் போர்டிங்கில் விடவே கூடாது: ஊசி முடியாத குட்டி, வயது போய்க் கண்ணும் காதும் குறைந்தது, இதய வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பது. இவற்றுக்குத் தன் வளவும் தன் முற்றமும்தான் நல்லது. நம்பிக்கையான ஒருவரை வீட்டில் வந்து படுக்கச் சொல்லுங்கள். கேற்றுக்கு மேலால் காலையில் ஒருக்கால் சோறு வைத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டை நான் சொல்லவில்லை.

திரும்பக் கூட்டி வந்ததும் நிறைய ஊட்டாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், பாதிச் சாப்பாடு போதும். முதல் இரண்டு நாள் தூங்கி வழிந்தால் பயப்பட வேண்டாம். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் உண்ணி தேடுங்கள். இரண்டு கிழமைக்கு அயல் நாய்களோடு சேர விடாதீர்கள். அந்த நாட்களுக்குள் இருமல், சத்தி, வயிற்றோட்டம், சாப்பாட்டை மறுப்பது எது வந்தாலும் "ஏக்கம்" என்று பெயர் வைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம், அன்றே கொண்டு வாருங்கள். வந்ததும் வாகனத்திலேயே வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுங்கள், நான் வெளியே வந்து பார்க்கிறேன். உள்ளே முதல் ஊசிக்கு வந்த குட்டிகள் இருக்கும்.