ராக்ஃபால்: பாறைச்சரிவு இல்லை, பாறையுதிர்வு

போன மாதம் ஒரு கையேட்டை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். மலைப் பள்ளத்தாக்கு ஊர்களில் கல் விழும் ஆபத்தையும் நிலநடுக்க ஆபத்தையும் எப்படி மதிப்பிடுவது என்று சொல்லும் கையேடு, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. கேப்பர் மலையையே மலை என்று சொல்லிக்கொள்ளும் கடலூரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "பாறைச்சரிவில் உள்ள வீடுகளைக் கணக்கெடுக்கவும்." எந்த வீடுகளை? பாறையான சரிவில் கட்டிய வீடுகளையா, பாறை வந்து விழுந்த வீடுகளையா? மூலத்தைப் பார்த்தால் இரண்டும் இல்லை, ராக்ஃபால், அதாவது மேலிருந்து பிய்ந்து விழும் பாறை, வந்து எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் வீடுகளாம். ராக்ஃபாலுக்கு வைக்கும் இந்தப் பாறைச்சரிவு என்ற சொல்லை டிவியிலும் பேப்பரிலும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தது போதும், இந்தத் தடவை கையில் சிவப்புப் பேனா இருந்தது.

ஆங்கிலச் சொல்லில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ராக் பிரெஞ்சு வழியாக வந்தது, ஃபால் பழைய ஜெர்மானியச் சொல், சேர்த்தால் பாறை விழுவது. செங்குத்தான முகப்பிலிருந்து துண்டு பிய்ந்து, காற்றில் விழுந்து, தரையில் பட்டுத் துள்ளி, உருண்டு வருவது. 1978இல் வார்ன்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர் மலை இறங்கிவரும் வகைகளைப் பிரித்தபோது விழுதல், கவிழ்தல், சரிதல், பரவுதல், வழிந்தோடுதல் என்று தனித்தனியாகத்தான் வைத்தார். விழுவதும் சரிவதும் ஒன்றென்றால் அவர் எதற்கு மெனக்கெட்டார்?

சரிதல் என்றால் தமிழில் என்ன? இடுப்பில் வேட்டி சரிகிறது, அடுக்கிய மூட்டை சரிகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியபடியே நழுவுவது. அடியில் ஒரு நழுவுதளம் வேண்டும். மண்சரிவு, நிலச்சரிவு எல்லாம் இதற்குச் சரியான சொற்கள், எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டி எங்களை எல்லாம் மூழ்கடித்துவிட்டு உள்ளே போனதே, அதே மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ஏழு பேர் புதைந்து போனார்கள். அங்கே ஊறிய மண் பாறையையும் இழுத்துக்கொண்டு வந்தது, அதனால் மண்சரிவு என்று எழுதியது சரி. பாறை வந்ததற்காக எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட முடியாது.

2021 ஜூலை 25 அன்று இமாச்சலத்தின் சாங்லா பள்ளத்தாக்கில், பட்சேரி அருகே நடந்தது வேறு. வீடியோவைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டி வண்டியாகக் கற்கள் ஆகாயத்தில் பந்து மாதிரி எகிறி வந்தன, ஒன்று இரும்புப் பாலத்தையே முறித்தது, சுற்றுலா வந்த 9 பேர் இறந்தார்கள். அதில் எது சரிந்தது?

இன்னொரு இடைஞ்சல். நழுவுதளத்தோடு பாறை மொத்தமாக வழுக்கி வருவதும் உண்டு, ஆங்கிலத்தில் ராக்ஸ்லைடு. பாறைச்சரிவு என்பது நியாயமாக அதற்கு உரிய சொல். அதை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன வைப்பது? சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தில் 2025 மே மாதம் நடந்ததை எழுதிப் பாருங்கள். மேலே சிகரத்திலிருந்து பாறைத் துண்டுகள் நாள்கணக்கில் பனியாற்றின்மேல் விழுந்து குவிந்தன, ஊரில் இருந்த சுமார் 300 பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், 28ஆம் தேதி பாரம் தாங்காமல் பனியாறு பெயர்ந்து வந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஒரே சொல்லை வைத்திருப்பவர் "பாறைச்சரிவால் பனியாறு சரிந்து பாறைச்சரிவு ஏற்பட்டது" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

வேலையும் வேறு. சரிவென்றால் நழுவுதளம் எங்கே, நிலத்தடி நீர் எவ்வளவு, வடிகால் போடலாமா என்று பார்ப்பார்கள். ராக்ஃபால் என்றால் எந்த முகப்பில் விரிசல், கல் எவ்வளவு தூரம் ஓடும், வலை கட்டலாமா, பள்ளம் வெட்டலாமா என்று பார்ப்பார்கள். அடிவாரத்தில் குவிந்த கற்குவியலின் உச்சியிலிருந்து 27, 28 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்து, அது தரையைத் தொடும் இடம்வரை கல் வரலாம் என்று வைத்துக்கொள்வது ஒரு தோராயக் கணக்கு. அடிமரங்களில் கல் பட்ட வடுவையும் ஆண்டு வளையத்தையும் பார்த்து எப்போதெல்லாம் விழுந்தது என்றும் சொல்வார்கள்.

சிலர் பாறைவீழ்ச்சி என்கிறார்கள். அருவி என்ற அருமையான சொல் கையில் இருக்க வாட்டர்ஃபாலைப் பிய்த்து நீர்வீழ்ச்சி செய்த அதே பட்டறைச் சரக்கு. வீழ்ச்சி என்றதும் எனக்குச் சோழர் வீழ்ச்சியும் முந்திரி விலை வீழ்ச்சியும்தான் ஞாபகம் வருகிறது.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் காரை உதிர்கிறது. கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதும், சிமெண்ட் விரிசல் விடும், ஒருநாள் சாப்பிடும்போது உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று தட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று விழும். "காரை உதிருது மாப்ளே, தள்ளி உட்காருங்க" என்பார் என் மாமியார். காரை சரியுது என்று ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. மலையிலும் அதே கதைதான், கம்பிக்குப் பதில் தண்ணீர். விரிசலுக்குள் உறைந்தால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடி நெம்புகிறது. ஒட்டியிருந்தது பிடிவிட்டுத் துண்டு துண்டாக விழுவதற்குத் தமிழில் உதிர்தல். கன்னடத்தில் உதுரு, மலையாளத்தில் உதிருக.

நிலநடுக்கத்தோடும் இது பொருந்தும். புளியமரத்தை உலுக்கினால் புளி உதிரும், அவ்வளவுதான். 1975 ஜனவரி 19 அன்று இமாச்சலத்தின் கின்னௌரை 6.8 அளவு நடுக்கம் உலுக்கியபோது பள்ளத்தாக்கு நெடுக அதுதான் நடந்தது. நுனிக்கிளை அதிகம் ஆடுகிற மாதிரி மலை முகடுகளும் அதிகம் ஆடும், மதிப்பீட்டில் அதையும் சேர்க்கிறார்கள். அப்புறம், மரத்தடியில் யார் கட்டில் போட்டிருக்கிறார்கள் என்பதையும். புளி உதிருமா என்பது ஆபத்து (ஹசார்ட்), யார் தலையில் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது இடர் (ரிஸ்க்). இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அபாயம் என்று போடும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி இன்னொரு நாள் தனியாக அழுகிறேன்.

கையேட்டில் எல்லா இடத்திலும் பாறையுதிர்வு என்று மாற்றி அனுப்பினேன். "உதிர்வு என்றால் முடி உதிர்வு ஞாபகம் வருகிறது சார், ரொம்ப மென்மையாக இருக்கிறது" என்று பதில் வந்தது. முழுக்கத் தப்பில்லை, லாரி அளவுக் கல்லை உதிர்ந்தது என்று எழுத எனக்கும் கை கொஞ்சம் கூசுகிறது. தனிக் கல்லென்றால் பாறை உருண்டு விழுந்தது என்றே எழுதுங்கள், நிகழ்வின் பெயருக்கு மட்டும் உதிர்வை வையுங்கள் என்றேன். சாலையோரப் பலகைக்கு இரண்டுமே வேண்டாம். "மேலிருந்து கல் விழும், வண்டியை நிறுத்தாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.