ஹாம் ரேடியோ உரிமம் எடுப்பது எப்படி?

பொழுதுபோக்காகத் தனிநபர்கள் ஒருவரோடொருவர் பேசும் வானொலியான ஹாம் ரேடியோவில் பேச, ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. (வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும்) பிரிவு தரும் உரிமம் வேண்டும். செட் வாங்கிய ரசீது உரிமமாகாது. தேர்வில் தேறிய சான்றிதழும் போதாது. உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, அழைப்புக்குறி (வானொலியில் உங்களை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) கைக்கு வந்த பிறகே பேசலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கியை வாங்கி, உரிமமின்றி ஹாம் அலைவரிசையில் உடனே பேசத் தொடங்குபவர்கள் சட்டத்தை மீறுகிறார்கள்.

12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். பட்டப்படிப்பு தேவையில்லை. விண்ணப்பம் அந்தத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில்.

பிரிவுகள் இரண்டு. ரெஸ்ட்ரிக்டட் பிரிவில் ரேடியோ கோட்பாடு, விதிமுறைகள் ஆகிய இரு பகுதிகளிலும் தலா 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் எடுக்க வேண்டும். ஜெனரல் பிரிவுக்குத் தலா 50, மொத்தம் 55. கூடவே நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் (எழுத்துகளைக் குறு ஒலி, நெடு ஒலிகளாக மாற்றும் குறியீடு) அனுப்பவும் கேட்டு எழுதவும் வேண்டும். அழைப்புக்குறி ரெஸ்ட்ரிக்டடுக்கு VU3 என்றும் ஜெனரலுக்கு VU2 என்றும் தொடங்கும். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000 ரூபாய்.

மோர்ஸுக்குப் பயந்து தேர்வையே தள்ளிப்போட வேண்டாம். ரெஸ்ட்ரிக்டட் எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டு, மோர்ஸைக் காதால் பழகுங்கள். புள்ளி, கோடு என்று எண்ணிப் பழகியவர்களுக்கு வேகம் கூடும்போது எழுத்துகள் நழுவும். ஒவ்வொரு எழுத்தையும் ஒரே ஓசையாகப் பழகினால் அந்தச் சிக்கல் வராது. ஊரில் இருக்கும் ஹாம் ஒருவரைத் தேடிப்போங்கள். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி போன்ற சங்கங்கள் உண்டு. புதியவருக்குக் கற்றுத்தருவதைப் பழைய ஹாம்கள் கடமையாகவே நினைக்கிறார்கள்.

உரிமம் வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது சக்தி. கடையில் கிடைக்கும் எச்.எஃப். (தொலைதூரம் எட்டும் சிற்றலை) செட்டுகள் பெரும்பாலும் 100 வாட். ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு எச்.எஃப்.பில் வரம்பு 50 வாட், ஆகவே மெனுவில் குறைத்து வையுங்கள். ஆன்டெனாவுக்குச் செம்புக் கம்பி போதும். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் பிரிந்து இருபக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) மொத்தம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்கு 10. இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுக் கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் கருவி) பார்த்துச் சிறிது சிறிதாக நறுக்குங்கள். மீட்டர் மிகக் குறைந்த அளவைக் காட்டும் அலைவரிசை 7.1க்குக் கீழே வந்தால் கம்பி நீளம். மேலே வந்தால் குட்டை, மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

பேசும் முன் கேளுங்கள். ஒரு நெட் (ஒருவர் நடத்த, பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) நடந்துகொண்டிருந்தால், இடைவெளி விழும்போது அழைப்புக்குறியை மட்டும் சொல்லிக் காத்திருங்கள், நடத்துபவர் கூப்பிடுவார். அங்கே வயதும் பதவியும் பார்ப்பதில்லை, ஆண்கள் எல்லாரும் 'ஓ.எம்.' (ஓல்ட் மேன்)தான். விடைபெற '73' (வாழ்த்துகள்) சொல்வார்கள். வியாபாரம், பாட்டு ஒலிபரப்பு, ரகசியக் குறியீடு மூன்றுக்கும் தடை. அடுத்தவருக்கான செய்தியைச் சுமந்து செல்லவும் சாதாரண நாளில் அனுமதியில்லை.

பேரிடரில் நிலைமை வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் ரேடியோ இயக்குவதற்காக அந்தமான் போயிருந்த ஹாம் பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளைக் கடத்தினார்கள். அப்படியொரு அவசர நெட் காதில் விழுந்தால் குறுக்கே பேசாதீர்கள். நேரம், இடம், பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டே கேளுங்கள். நடத்துபவர் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.