மோக்லியின் பாட்டு ஏன் மறக்கவில்லை?

மொட்டைமாடியில் அண்ணன் ஆன்டெனாவைத் திருப்புவான். கீழே பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள், "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று கத்துவோம். 1993இல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில், ஓநாய்களிடம் வளரும் சிறுவன் மோக்லியின் கதையான 'ஜங்கிள் புக்' வந்தது. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 52 பகுதிகளாக எடுத்த கார்ட்டூன் தொடர் அது. நமக்கு இந்திக் குரலில் கிடைத்தது. இந்தித் தலைப்புப் பாடலை எழுதியவர் குல்சார், இசையமைத்தவர் விஷால் பரத்வாஜ். அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம்.

சென்ற மாதம் பஸ்ஸில் யாரோ ஒருவருடைய கைபேசியில் அந்தப் பாட்டு ஒலித்தது. முதல் வரி முடிவதற்குள் சிமெண்ட் தரையின் குளிர்ச்சி, சாம்பிராணி வாசனை, எங்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்த அத்தையின் குரல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. முப்பது ஆண்டுகள் எங்கே ஒளிந்திருந்தன இவை?

ஒரு நினைவு மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பார்த்தது ஒரு பகுதியில், கேட்டது வேறொரு பகுதியில், முகர்ந்தது இன்னொன்றில் எனச் சிதறிக் கிடக்கிறது. ஒரே நேரத்தில் நடந்த இவற்றைச் சேர்த்து முடிச்சுப் போடுவது ஹிப்போகேம்பஸ் என்ற சிறு உறுப்பு. பிறகு ஒரு துணுக்கு கிடைத்தாலும் போதும், முடிச்சில் இருக்கும் மற்றவையும் எழுந்து வருகின்றன. பூச்சரத்தில் ஒரு பூவைப் பிடித்துத் தூக்கினால் சரம் முழுவதும் வருவதைப் போல. நினைவு பதிந்தபோது உடன் இருந்தவைதான் அதை மீட்கச் சிறந்த துப்பு என்று உளவியலாளர்கள் எண்டெல் டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973இல் விளக்கினார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு. பாட்டு அப்படியே இருக்கிறது. கதை ஏறக்குறைய போய்விட்டது. மோக்லி எந்த வாரம் என்ன செய்தான் என்று கேட்டால் விழிக்கிறேன். காரணம் எளிது. கதை வாரத்துக்கு வாரம் மாறியது, பாட்டு மாறவே இல்லை. அதுவும் ஏழு நாள் இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது ஆழமாகப் பதியும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே கண்டார். தாளமும் எதுகையும் அதற்கு மேலும் உதவுகின்றன: அடுத்த சொல் எத்தனை அசை, எங்கே முடியும் என்பதை மெட்டே முடிவு செய்துவிடுவதால், தவறான சொல் உள்ளே நுழைய அதிக இடமில்லை. பொருள் புரியாத வயதில் ஆத்திசூடியையும் வாய்ப்பாட்டையும் ஒப்பித்த நமக்கு, புரியாத இந்தி வரிகள் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

2009இல் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர், மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அவர்களுக்கு 8 முதல் 18 வயது வரை இருந்த காலத்தில் வெளிவந்த பாடல்களைக் கேட்கவைத்தார். பழைய நினைவைக் கிளறிய பாடல்கள், நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியில் செயல்பாட்டைக் கூட்டின. 'நான் யார்' என்று நாம் நம்மைப் பற்றி எண்ணும்போதும் வேலை செய்யும் பகுதி அது. அதனால்தான் இந்தப் பாடல்கள் வெறும் தகவலாக வருவதில்லை, நம்மையே கூட்டிக்கொண்டு வருகின்றன.

பழைய நாட்களை எண்ணி எழும் இந்த ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று முதலில் பெயர் வைத்தவர் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், 1688இல். ஊரைப் பிரிந்தவர்களை வாட்டும் நோயாகவே அவர் அதைக் கருதினார். இன்றைய உளவியல் நேர்மாறாகச் சொல்கிறது. தனிமையில் வாடும்போதுதான் ஏக்கம் அதிகம் எழுகிறது என்றும், எழுந்த பிறகு 'எனக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வைக் கூட்டுகிறது என்றும் டிம் வைல்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் குழுவினர் 2006இல் காட்டினர். கசப்பான நிகழ்வுகளின் உணர்ச்சி, இனிய நிகழ்வுகளின் உணர்ச்சியைவிட விரைவாக மங்குகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. சரியாக ஒன்பது மணிக்கு மின்சாரம் போன ஞாயிறுகளில் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அழுகையின் வலி மட்டும் இல்லை.

அன்றிரவு தொடரின் முதல் பகுதியைத் தேடிப் பார்த்தேன். ஓநாய்கள், காடு, கரும்புலி பகீரா எல்லாம் இருந்தன. ஆனால் பஸ்ஸில் வந்தது வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, பாட்டை மட்டும் அண்ணனுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைத்தான். மோக்லியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்தை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்களா?" என்று கேட்டான்.