லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழு வருடம்: வெளிநாட்டு பையருக்குச் சரக்கு போடும் சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

நான் சேலத்தில் சின்னச் சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கத்து ஜவுளி யூனிட்டுகள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஏற்காட்டில் காபியும் மிளகும் விளைகிற இரண்டு மூன்று தோட்டங்கள். இவர்களில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேரடியாகவோ இன்னொரு ஏற்றுமதியாளர் வழியாகவோ சரக்கு போடுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஆர்டரோடு கூடவே ஒரு ஃபார்மும் வந்துவிடுகிறது. இருபது பக்கம், முழுக்க ஆங்கிலம். உங்கள் நிறுவனமோ உங்கள் சார்பில் வேறு யாருமோ அரசு ஊழியருக்குப் பணமோ பொருளோ கொடுத்தது உண்டா என்று கேட்டு, இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பலர் படிக்காமலே சீல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதே வாரத்து கேஷ் புக்கைத் திறந்தால் 'ஆபீஸ் செலவு 5,000', 'இதர செலவு 12,000' என்று வவுச்சர் இல்லாமல் வரிசையாக இருக்கும். அது என்ன பணம் என்று எழுதினவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். வாங்கினவன் மாட்டுவான், கொடுத்த நமக்கு என்ன என்றுதான் இன்னமும் நம் ஊரில் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவில், வாங்கிய ஊழியர் மீதான வழக்கில் 'நான் கொடுத்தேன்' என்று சாட்சி சொன்னவர் மேல் அந்த வாக்குமூலத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்று ஒரு பாதுகாப்பு இருந்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 26 முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது.

இப்போதைய 8-வது பிரிவுப்படி அரசு ஊழியர் ஒருவரைத் தன் கடமையை முறைகேடாகச் செய்ய வைப்பதற்காகக் கொடுத்தாலும் குற்றம், தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாலும் குற்றம். ஏழு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் கையில்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றும் இல்லை, அவரை நோக்கி இன்னொருவர் கையில் கொடுத்தாலும் இந்தப் பிரிவுதான். பணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ரூம் கிடைப்பதே பெரிய பாடு, அந்த நேரத்தில் 'சாருக்குக் குடும்பத்தோடு இரண்டு நாள்' என்று நம் செலவில் காட்டேஜ் போட்டுக் கொடுப்பதை லஞ்சம் என்றே யாரும் நினைப்பதில்லை, ஆனால் சட்டம் பேசுவது முறையற்ற ஆதாயத்தைப் பற்றி, அதற்குள் ரூம் வாடகையும் அடங்கும், தீபாவளி வெள்ளித் தட்டும் அடங்கும்.

சரி, கட்டாயப்படுத்திக் கேட்டால்? கொடுக்காவிட்டால் ஃபைல் நகராது, ஆர்டர் கேன்சல் ஆகும், நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்ற நிலை வந்தால்? இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள், இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு 8-வது பிரிவு பொருந்தாது, ஆனால் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ புகார் சொல்லியாக வேண்டும். எட்டாவது நாள் போய் 'மிரட்டினார்கள் சார்' என்றால் அந்தப் பாதுகாப்பை நம்பிக்கொண்டு நிற்க முடியாது. இதைவிட நல்ல வழி, கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது. லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குச் சேலத்திலும் பிரிவு இருக்கிறது. முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் விசாரணைக்கு உதவியாகக் கொடுக்கிற பணத்துக்குக் கொடுத்தவர் மேல் குற்றம் வராது. பேப்பரில் ரசாயனம் தடவிய நோட்டு என்று அடிக்கடி படிக்கிறோமே, அது இந்த வழிதான். நோட்டில் பினாப்தலீன் தூள் தடவியிருப்பார்கள், வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் இளஞ்சிவப்பாக மாறும்.

கம்பெனிக்கு வரும் ஆபத்து 9, 10-வது பிரிவுகளில் இருக்கிறது. கம்பெனியோடு தொடர்புடைய ஒருவர், அதாவது ஊழியர், ஏஜென்ட், துணை நிறுவனம் என்று யாராவது தொழிலுக்காக லஞ்சம் கொடுத்தால் கம்பெனிக்கே அபராதம். அந்த அபராதத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு போடவில்லை. இந்தியாவில் பதிவான கம்பெனிக்கு மட்டுமல்ல, வெளிநாட்டில் பதிவாகி இங்கே தொழில் செய்கிற கம்பெனிக்கும் பொருந்தும், நம் ஊர் பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கும் பொருந்தும். இயக்குநரோ மேனேஜரோ பார்ட்னரோ தெரிந்தே சம்மதித்திருந்தால், கண்டும் காணாமல் துணைபோயிருந்தால், அவருக்குத் தனியாக மூன்று முதல் ஏழு வருடம் சிறையும் அபராதமும். லஞ்சத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாடுகளை முன்பே செய்து வைத்திருந்தோம் என்று கம்பெனி நிரூபித்தால் அது தற்காப்பு. அந்த இருபது பக்க ஃபார்ம் நம் மேஜைக்கு வருவதற்கு இந்தத் தற்காப்பு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஃபார்ம் அனுப்புகிற வெளிநாட்டுக் கம்பெனிகளின் நாட்டுச் சட்டம். அமெரிக்காவில் 1977 முதல் வெளிநாட்டு ஊழல் நடைமுறைச் சட்டம் இருக்கிறது, அங்கே பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி உலகத்தில் எந்த மூலையில் லஞ்சம் கொடுத்தாலும் அங்கே பதில் சொல்ல வேண்டும், கணக்கில் அதை வேறு பெயரில் எழுதினாலும் தனிக் குற்றம். பிரிட்டனின் 2010-ம் ஆண்டு லஞ்சச் சட்டம் 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, தன் சார்பில் சேவை செய்கிற ஒருவர் கொடுப்பதைத் தடுக்கத் தவறியதே கம்பெனியின் குற்றம் என்கிறது. வேலை சீக்கிரம் நடக்கக் கொடுக்கிற சின்னத் தொகைக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு குறுகிய விலக்கு வைத்திருக்கிறது, பிரிட்டனில் அது இல்லை, நம் நாட்டிலும் இல்லை. 'மாமூல்தானே, லஞ்சமா?' என்ற கேள்விக்கு இங்கே இடமே கிடையாது.

நம் மாநிலத்து உதாரணமே இருக்கிறது. சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் ஒரு வளாகம் கட்டும்போது, 2014-ல், திட்ட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டதாகவும், அதைக் கட்டுமான ஒப்பந்தக்காரர் வழியாகக் கொடுக்கச் சொல்லி, பிறகு போலிக் கூடுதல் வேலை பில்களாக எழுதி ஈடுகட்டியதாகவும் காக்னிசன்ட் என்ற அமெரிக்க ஐ.டி. நிறுவனத்தின் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2019 பிப்ரவரியில் அந்த நிறுவனம் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் சுமார் 2.5 கோடி டாலர் கட்ட இசைந்தது. தானே முன்வந்து தகவல் சொன்னதால் அமெரிக்க நீதித் துறை நிறுவனத்தின் மேல் கிரிமினல் வழக்குப் போடவில்லை. இதில் பணம் போனதாகச் சொல்லப்பட்ட பாதையைக் கவனியுங்கள். நடுவில் ஒரு ஒப்பந்தக்காரர், கணக்கில் வேறு பெயர். நம் கேஷ் புக்கில் 'இதர செலவு' என்று எழுதுவதும் அதே முறைதான், தொகைதான் சின்னது.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அந்த 1977-ம் ஆண்டுச் சட்டத்தின் நடவடிக்கைகளை 180 நாள் நிறுத்திவைத்தார், இனிமேல் பயமில்லை என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஜூனிலேயே புது வழிகாட்டுதலோடு மறுபடி தொடங்கிவிட்டார்கள். அதைவிட முக்கியமாக, சேலத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு முதலில் பொருந்துவது நம் நாட்டுச் சட்டம், அதில் எந்த நிறுத்தமும் இல்லை. லஞ்சமாகப் போன பணத்தைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. 2022-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், லஞ்சம் கொடுத்தவர் மீதும் பணமோசடி தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதன்பின் அமலாக்கத் துறை நம் வாசலுக்கு வராது என்றும் சொல்ல முடியாது.

நம்மைப் போன்ற சின்ன யூனிட்டுகளில் ஓட்டை இருப்பது பெரும்பாலும் ஏஜென்ட்டிடம்தான். இளம்பிள்ளைப் பக்கத்தில் ஒருத்தர், புது ஷெட்டுக்கு ஒரு அனுமதி வேண்டும். ஏஜென்ட் கொடுத்த சீட்டில் 'மொத்தம் 85,000' என்று ஒரே வரி. அரசுக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டவில்லை. "மீதி எதுக்குண்ணே?" என்றேன். "அதெல்லாம் அவர் பார்த்துக்குவாருங்க, நமக்கு எதுக்கு?" என்றார். நமக்கு எதுக்கு என்று கேட்டதே நாளைக்கு 10-வது பிரிவில் அவருக்கு எதிராக நிற்கலாம் என்று உட்கார வைத்துச் சொன்னேன். ஏஜென்ட்டை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அலைய ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள். அரசுக் கட்டணத்தை நம் வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டுங்கள். ஏஜென்ட்டின் கூலிக்குத் தனி பில் வாங்குங்கள், என்ன வேலைக்கு என்று அதில் எழுதச் சொல்லுங்கள், யாருக்கும் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். பில் கொடுக்க மறுக்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அப்புறம் அந்த ஃபார்மை ஒருமுறையாவது ஆடிட்டரையோ வக்கீலையோ வைத்துத் தமிழில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய விஷயம் ஏதாவது இருந்தால் 'இல்லை' என்று டிக் அடிப்பதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள், பொய்யான உறுதிமொழி தனி ஆபத்து.

ஃபைல் தாமதமானால் கேட்கவும் வழி இருக்கிறது. 2018-ம் ஆண்டு தமிழ்நாடு தொழில் எளிமையாக்கல் சட்டத்தின்படி ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பித்தால் அனுமதிகளுக்குக் காலக்கெடு உண்டு, சிறு குறு தொழில்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் போய் முறையிடலாம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் என் மனு எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். லேட்டாகும்தான், அதை மறைக்க விரும்பவில்லை. இளம்பிள்ளைக்காரர் ஏஜென்ட்டை நிறுத்திவிட்டுத் தானே விண்ணப்பித்தார், கட்டிய கட்டணத்துக்கு ரசீது கையில் இருக்கிறது, அனுமதி இன்னும் வரவில்லை. போன வாரம் தகவல் உரிமை மனுவும் போட்டாயிற்று. அந்த ஃபார்மில் அந்தக் கேள்விக்கு நேரே இந்த முறை அவரே படித்துவிட்டு 'இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.